இரத்தத்தில் ஊறியதா வியாபாரம்?

கடந்த தவணைப் பரீட்சையில் பதினோராம் தரத்துக்கு நான் கொடுத்த கட்டுரைத் தலைப்பு ‘எதிர்காலத்தில் நான்’. வருடா வருடம் கொடுக்கிற தலைப்புத்தான். டொக்டர், இன்ஜினியர், விமானி என்று எழுதுவார்கள். ஆசிரியர் என்று எழுதுகிற பிள்ளைகள் வரவரக் குறைந்து போனார்கள். அது வேறு கதை. பின்வாங்கில் இருக்கிற ஒரு மாணவன் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு மாமாவின் கடைக்குப் போகப் போகிறான். மூன்று வருடத்தில் சொந்தக் கடை. அதற்கான காரணத்தை ஒரே வரியில் முடித்திருந்தான்: வியாபாரம் எங்கள் இரத்தத்தில் ஊறியது, உத்தியோகம் எங்களுக்குச் சரிவராது.

சந்திப் பிழைகூட இல்லாத கட்டுரை. அந்த வரியின் கீழே மட்டும் சிவப்புப் பேனையால் கோடிட்டு ஒரு கேள்விக்குறி போட்டேன். தாள் கொடுத்த அன்று மேசைக்கு வந்து நின்றான்.

“இதில என்ன பிழை டீச்சர்? எல்லாரும் சொல்றதுதானே?”

எல்லாரும் சொல்கிறதுதான். மீலாத் விழா மேடைகளில் கேட்டிருக்கிறேன், கல்யாணப் பந்தலில் கேட்டிருக்கிறேன், நம்மவர் எழுதிய ஊர் வரலாறுகளில் முதற்பக்கத்திலேயே வாசித்திருக்கிறேன். மணி அடித்துவிட்டதால் “பிறகு சொல்றன்” என்று அனுப்பிவிட்டேன். மணி அடிக்காவிட்டாலும் அன்று என்னிடம் விடை இருந்திருக்காது. பிழை என்று மனதுக்குப் பட்டது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. சில மாதங்களாக அதையே யோசித்தும் வாசித்தும் வந்ததில் எழுந்ததுதான் இக்கட்டுரை. அவனுக்கான பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இலங்கை முஸ்லிம்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் கிழக்கு மாகாணத்தில் வாழ்கிறார்கள். சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று, இறக்காமம், பொத்துவில் என்று போனால் அங்கே நம்மவரின் பேச்சு வெள்ளாமையைப் பற்றியது. வயலும் வாய்க்காலும் கன்னை பிரித்த காணியும் போடியாரும்தான் அந்த ஊர்களின் பழைய வரலாறு. கிண்ணியாவிலும் மூதூரிலும் வயலோடு கடலும் சேரும். மருதமுனைக்குப் போனால் தறிச் சத்தம். மன்னாரின் முசலிப் பக்கம் நெல்லும் மீனும். இவர்களும் காலியில் மாணிக்கக்கல் விற்றவரும் ஒரே உம்மத், ஒரே மொழி, எத்தனையோ குடும்பங்களில் கொண்டும் கொடுத்தும் இருக்கிறார்கள். வியாபாரம் இரத்தத்தில் இருந்திருந்தால் சம்மாந்துறையில் மட்டும் அது எப்படி வற்றிப்போனது?

வற்றவில்லை, அங்கே நிலம் கிடைத்தது என்பதுதான் வரலாறு சொல்கிற விடை. அதை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும்.

நான் இப்போது படிப்பிக்கிற புத்தளத்துக்கு 1344இல் இப்னு பதூதா வந்தார். கடற்கரையில் கறுவா மரக்கட்டைகள் குவிந்து கிடந்ததையும் மலபாரிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வந்த வணிகர் அதை ஏற்றிப் போனதையும் எழுதி வைத்திருக்கிறார். அக்காலத்தில் நம்மவரைக் கப்பலேற்றியது வறுமையல்ல. இந்துமா சமுத்திரம் முழுவதும் ஒரு பெரிய சந்தை. துறைமுகத்துக்குத் துறைமுகம் தெரிந்த முகம், தொழப் பள்ளி, வழக்கென்றால் தீர்க்கக் காழி. வழி திறந்திருந்தது, போனார்கள். வாய்ப்பு இழுத்து வந்த வியாபாரம் அது.

1505க்குப் பிறகு அந்த வழி அடைபடத் தொடங்கியது. போர்த்துக்கேயருக்குக் கறுவாவும் வேண்டும், அதை விற்கும் தனியுரிமையும் வேண்டும். 1526இல் கோட்டை மன்னனை நெருக்கி, கொழும்பிலிருந்து முஸ்லிம் வணிகரை வெளியேற்றச் செய்தார்கள். சரியாக நூறு வருடம் கழித்து 1626இல் தங்கள் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்தே முஸ்லிம்களை வெளியேற்ற உத்தரவிட்டார்கள். அப்போது கண்டியை ஆண்ட செனரத் மன்னன் அவர்களை ஏற்றுக்கொண்டான். ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று எழுதியவர் குவேறோஸ் என்ற போர்த்துக்கேயப் பாதிரியார். (கிழக்கில் அதற்கு முன்பே முஸ்லிம்கள் இருந்தார்கள். 1626இல்தான் கிழக்கு முஸ்லிம் வரலாறு தொடங்குகிறது என்று சிலர் எழுதுவதோடு எனக்கு உடன்பாடில்லை.)

இங்கேதான் கவனிக்க வேண்டும். விரட்டப்பட்டவர்களில் கணிசமானோர் கடலோரப் பட்டினங்களில் வாங்கி விற்றவர்கள். வந்து சேர்ந்த இடத்தில் துறைமுகம் இல்லை, ஆனால் நிலமும் தண்ணீரும் இருந்தன. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஏர் பிடித்தார்கள். இரண்டு மூன்று தலைமுறையில் வியாபாரி கமக்காரனாகிவிட்டான். யாரும் அதை இழிவாக நினைக்கவில்லை. போடியார் என்பது இன்றைக்கும் மரியாதைச் சொல்.

மேற்குக் கரையில் தங்கியவர்களுக்கு இதன் மறுபக்கம் நடந்தது. ஒல்லாந்தர் நம்மவரை அந்நியராகவே கணக்கிட்டார்கள். ஊழியம் என்ற கட்டாய வேலையையும் அதற்குப் பதிலான வரியையும் சுமத்தினார்கள். கொழும்புக் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் முஸ்லிம்கள் காணி, வீடு வைத்திருக்கத் தடை போட்டார்கள். அந்தத் தடை பிரித்தானியர் காலத்திலும் தொடர்ந்து 1832இல்தான் நீங்கியது. இன்று புறக்கோட்டையில் நம்மவர் கடைப் பெயர்ப்பலகைகளைப் பார்த்து ‘ஆதி தொட்டு’ என்று பேசுகிறவர்கள் இந்த வருடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். காணி இல்லாதவன் எதைச் செய்வான்? தூக்கிக்கொண்டு ஓடக்கூடியதைச் செய்வான். தலையில் துணிப் பொட்டணி, தோளில் காவடித் தட்டு, கையில் தராசு.

உள்நாட்டில் தவளம் இருந்தது. பொதிமாட்டுக் கூட்டத்தைத்தான் அப்படிச் சொன்னார்கள். மாட்டின் முதுகில் இரண்டு பக்கமும் மூட்டை தொங்கவிட்டு, புத்தளம் முதலிய கரையோரங்களிலிருந்து உப்பும் கருவாடும் கண்டி நாட்டுக்குள் போகும். திரும்பி வருகையில் பாக்கும் மிளகும். கண்டி மன்னரின் நிர்வாகத்தில் இதற்கு ‘மடிகே’ என்ற தனித் துறையே இருந்தது, அதில் முஸ்லிம்கள் பெருமளவில் சேவை செய்தார்கள். லோனா தேவராஜா 1994இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகப் பார்க்கலாம். தவளக்காரரை நாம் சுதந்திர வணிகராகக் கற்பனை செய்துகொள்கிறோம். அவர்கள் அரசனுக்குச் சேவை செய்யக் கடமைப்பட்டவர்கள், அந்தச் சேவைக்குக் காணி பெற்றவர்கள். மாதத்தில் சில நாள் பொதி ஏற்றுவார்கள், மீதி நாள் வயல் பார்ப்பார்கள். கண்டிப் பக்கத்து ஊர்கள் பலவற்றில் பழைய காணி உறுதிகளைத் தேடினால் இந்த இரட்டைப் பிழைப்புத் தெரியும்.

ஆனால் தவளம் ஒரு காரியம் செய்தது. பாதையைக் கற்றுக்கொடுத்தது. எந்த ஊரில் எப்போது அறுவடை, எந்தக் கிராமத்தில் யார் நம்பிக்கையானவர், சிங்களத்தில் எப்படி விலை பேசுவது எல்லாம் மாட்டுக்குப் பின்னால் நடந்து நடந்து படித்த பாடம். பிரித்தானியர் தெருப் போட்டுக் கோப்பித் தோட்டம் திறந்தபோது மாடு தேவையற்றுப் போனது, பாடம் வீணாகவில்லை. மலையகச் சந்திகளில் நம்மவர் கடைகள் அவ்வளவு விரைவாக எழுந்ததற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

அந்த நூற்றாண்டில் இன்னொரு கதவும் அடைபட்டிருந்தது. அதை நாமேதான் உள்ளிருந்து பூட்டினோம். உத்தியோகத்துக்கு ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலம் மிஷனரிப் பள்ளிக்கூடத்தில் இருந்தது. பிள்ளை மதம் மாறிவிடுவான் என்ற பயத்தில் பெற்றோர் அனுப்பவில்லை. அந்தப் பயத்தை முழுதாகக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அக்காலப் பள்ளிக்கூடங்கள் மதமாற்றத்தை மறைத்தும் செய்யவில்லை. ஆனால் விளைவு என்ன? யாழ்ப்பாணத்துத் தமிழரும் கரையோரச் சிங்களவரும் பறங்கியரும் கச்சேரியிலும் நீதிமன்றத்திலும் நாற்காலி பிடித்தபோது நமக்குத் தராசுதான் மிஞ்சியது. 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிய அறிஞர் சித்தி லெப்பை தம் வாழ்நாளெல்லாம் மன்றாடியது இதற்காகத்தான். அவர் வியாபாரி அல்லர், சட்டத்தரணி.

அவர் கல்விக்காகக் கையேந்தியபோது பணம் கொடுத்தவர்களோ பெரும்பாலும் பள்ளிக்கூட வாசல் அறியாத தொழில்காரர்கள். 1892இல் மருதானையில் தொடங்கி பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த மத்ரஸாவுக்குத் தூணாக நின்ற வாப்பிச்சி மரைக்கார், 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையைக் கட்டிய ஒப்பந்தக்காரர். திறப்பு விழாவில், உமக்கு என்ன வெகுமதி வேண்டும் என்று ஆளுநர் கிரகரி கேட்க, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடி வைக்கும்படி அவர் கேட்டதாகச் சொல்லப்படும் கதை நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எழுபது எண்பது வருடம் கழித்துப் பேருவளையில் இதே கதை வேறு உருவத்தில் வந்தது. வறுமையால் படிப்பைப் பாதியில் விட்டு மாணிக்கக்கல் வியாபாரத்தில் இறங்கிய நளீம் ஹாஜியார் 1973இல் ஜாமிஆ நளீமிய்யாவைத் தோற்றுவித்தார். வியாபாரம்தான் நம் இரத்தம் என்று இவர்கள் நம்பியிருந்தால் காசை வேறு கடையில் போட்டிருப்பார்கள். தங்களுக்குக் கிடைக்காத கதவு எது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அடைபட்ட கதவு மட்டுமே கடை திறக்க வைத்தது என்று நான் சொல்வதாக எடுக்கக் கூடாது. 1860இல் காலியில் நகை வியாபாரம் தொடங்கிய மாக்கான் மாக்காரின் கதை அப்படியல்ல. கொழும்புத் துறைமுகத்தில் அலைதடுப்பு கட்டப்படுமுன் கீழைத்தேசம் போகிற கப்பலெல்லாம் காலியில்தான் தரிக்கும். இறங்கி வருகிற வெள்ளைக்காரர் கையில் காசு, நம்மவர் கையில் கல். கப்பல் கொழும்புக்கு மாறிய பின் நகைக் கடையும் பெரிய ஹோட்டல்களைத் தேடிக் கொழும்புக்கு வந்தது. ஆசையும் துணிவும் சரியான இடத்தில் நின்றதும் சேர்ந்த கதை அது. அப்படியும் உண்டு. ஆனால் நம் ஊர்களில் திறக்கப்பட்ட நூறு கடைகளில் எத்தனை அந்த வகை என்று கேட்டால், நான் கண்ட அளவில் மிகக் குறைவு. நான் கண்டதைச் சொல்வதென்றால் 1990க்கு வர வேண்டும்.

அந்த வருடம் ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் எனக்குப் பதினொரு வயது. ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்றார்கள். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கு மேல் என்பது பல அறிக்கைகளில் பதிவானது. அந்த வரலாறு எழுதப்பட்டிருக்கிறது, இன்னும் எழுதப்பட வேண்டும். இங்கே என் வாப்பாவைப் பற்றி மட்டும்.

வாப்பா ஒரு தையல் கடையில் பதினெட்டு வருடம் துணி வெட்டுகிற வேலை பார்த்தவர். கடை அவருடையதல்ல. முதலாளி இரண்டு தடவை பங்குக்குக் கூப்பிட்டும் சேரவில்லை. “மாசம் முடிய எண்ணிக் கையில தந்தாப் போதும், ராவைக்கு நித்திரை வரும்” என்பார். கடன், வட்டி, வாடகை என்ற சொற்களே அவருக்குப் பிடிக்காது. வழியில் சோதனை போட்டவர்கள் அவருடைய பையிலிருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார்கள். கழுத்தில் பழக்கதோஷத்தில் மாட்டியிருந்த அளவு நாடாவை எடுக்கவில்லை. அதோடுதான் வவுனியா வழியாகப் புத்தளம் வந்தோம். கற்பிட்டி வீதியோரம் ஒரு தென்னந்தோப்பில் கிடுகுக் கொட்டில்.

முதலில் வியாபாரம் தொடங்கியது வாப்பா இல்லை, உம்மா. வந்து மூன்றாவது வாரம் பக்கத்துக் கொட்டிலில் ஓர் இடியப்ப உரலை இரவல் வாங்கினார். நிவாரண மாவில் ஒரு பங்கை எடுத்து வைத்து, விடிய மூன்று மணிக்கு எழும்பி அவித்து, சுபஹ் தொழுகை முடிகிற நேரம் என் தலையில் பெட்டியை வைத்து அனுப்பினார். பள்ளியாக வைத்திருந்த கொட்டிலின் வாசலில் நின்று விற்றேன். முதல் நாள் வெட்கத்தில் சத்தம் வரவில்லை. சனம் தானாக வாங்கியது. மூன்று மாதத்துக்குள் அந்த முகாமில் இடியப்பம், ஆப்பம், வட்டிலப்பம், சீனிச்சம்பல் என்று பத்துப் பதினைந்து பெண்கள் விற்றார்கள். வடக்கு முஸ்லிம்கள் புத்தளத்தில் மறுபடி எழுந்த கதையை எழுதுகிறவர்கள் இரும்புக் கடை, லொறி, புடவைக் கடை என்று தொடங்குவார்கள். அந்தக் கடைகளின் முதல் எங்கே இருந்து வந்தது என்று கேட்டால் பாதிக்கு இந்த இடியப்பப் பெட்டியைக் காட்டலாம். உம்மாவை ஒருத்தரும் வியாபாரி என்று கூப்பிட்டதில்லை. அவரும் கூப்பிட விடமாட்டார்.

ஏன் தொடங்கினீர்கள் என்று பிற்காலத்தில் ஒருநாள் கேட்டேன். உம்மா யோசிக்கவே இல்லை. “நிவாரண வரிசையில நிக்கக்குள்ள ஒருத்தன் சத்தம் போட்டான். நாளைக்கும் இவன்ட மூஞ்சியில முழிக்க ஏலாதெண்டு பட்டிச்சு.” இவ்வளவுதான். இலாபம், முன்னேற்றம், சமூகப் பாரம்பரியம் ஒன்றும் அந்த விடையில் இல்லை.

வாப்பா கூலிக்குப் போனார். வெங்காயத் தோட்டம், உப்பளம், மீன் வாடி எதுவும் அவருடைய உடம்புக்கு ஒத்துவரவில்லை. ஒரேயடியாக இத்தனை ஆயிரம் பேர் வந்து இறங்கினால் கூலி விழாமல் என்ன செய்யும்? உள்ளூர்க் கூலித் தொழிலாளர் எங்களை வெறுத்ததில் நியாயம் இருந்தது. அவர்களுடைய ஒருநாள் சம்பளத்தை நாங்கள் பாதியாக்கினோம். இதை நம் மேடைகளில் பேசுவதில்லை, அன்ஸாரிகள் என்று ஒரு சொல்லில் மூடிவிடுகிறோம். அவர்கள் தோப்பைத் தந்தார்கள், கிணற்றைத் தந்தார்கள், பள்ளிக்கூடத்தில் இடம் ஒதுக்கித் தந்தார்கள். நெருக்கமும் மனக்கசப்பும் கூடவே இருந்தன.

ஒருநாள் தோட்டத்தில் வாப்பா மயங்கி விழுந்தார். அந்த வாரம்தான் பட்டணத்தில் ஒரு புடவைக் கடைக்குப் போய்த் தையல் வேலை இருக்கா என்று கேட்டார். கடைக்காரர் ஒரு ஹாஜியார். வேலை இல்லை என்றார். வாப்பா திரும்பும்போது கழுத்து நாடாவைக் கண்டு கூப்பிட்டு, சாரத் துணியும் சிறுவர் சட்டைத் துணியுமாக ஒரு கட்டுக் கொடுத்தார். தைத்து விற்றுக் காசு கொண்டு வா என்றார். எழுத்தில்லை, சாட்சியில்லை. பயந்துபோன வாப்பா, கொப்பி ஒன்றில் எழுதிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். “துணி என்ட ராக்கையில கிடந்தா பூச்சி தின்னும், நீ கொண்டு போ” என்றாராம். தையல் மெஷினும் இரவல்தான், நாள் வாடகைக்கு. அந்தக் கொட்டில் வாசலில் தொடங்கியது வாப்பாவின் கடை. பன்னிரண்டு வருடம் நடந்தது. என்னைப் பல்கலைக்கழகம் அனுப்பியது அது.

முகாமில் குத்பா ஓதிய மௌலவி அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி) அவர்களின் வரலாற்றை அடிக்கடி சொல்வார். மதீனாவில் ஸஃது பின் ரபீஃ (ரழி) தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அதை மறுத்துச் சந்தை எங்கே என்று மட்டும் கேட்டு, பாற்கட்டியும் நெய்யும் விற்றுத் தம் காலில் நின்ற நபித்தோழர். அழகான வரலாறு; எங்களுக்கென்றே நடந்தது போல இருக்கும். இப்போது நினைக்கையில் இரண்டு விடயம் தோன்றுகிறது. அவர் மக்காவிலேயே தேர்ந்த வணிகர். என் வாப்பா அப்படியல்லர். இன்னொன்று, நாம் சந்தை கேட்டவரை மட்டும் பேசுகிறோம், பாதியைத் தர முன்வந்தவரை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். பாதி தருகிற ஒருவர் பக்கத்தில் நிற்கிறார் என்ற தைரியமும் சந்தைக்குப் போகிறவனுக்கு ஒரு முதல்தானே. அந்தக் கட்டுத் துணி கிடைத்திராவிட்டால் வாப்பாவின் ரோஷம் மட்டும் ஒரு சட்டையைத் தைத்திருக்காது.

இதோடு ஒட்டிய இன்னொரு காட்சியும் எனக்கு மறக்காது. யாழ்ப்பாணத்தில் பெரிய இரும்புக் கடை வைத்திருந்த ஒருவர் எங்கள் முகாமில் இருந்தார். மூன்று தலைமுறை வியாபாரக் குடும்பம். இரத்தம் என்று ஒன்று இருந்தால் அவருக்கு இருந்திருக்க வேண்டும். அவர் மறுபடி கடை திறக்கவே இல்லை. பள்ளித் திண்ணையில் சாய்ந்துகொண்டு, வராத கடன்காரர்களின் பெயர்களை விரல்மடித்து எண்ணிக்கொண்டிருப்பார். சாமான் தர ஆள் இருந்தது, ஹாஜியார் அவரிடமும் கேட்டார். “பழைய கடைக்குத்தான் நான் முதலாளி” என்று சொல்லிவிட்டார். சம்பளக்காரர் கடை திறந்தார், முதலாளி திண்ணையில் இருந்தார். முகாமில் இப்படி எத்தனையோ.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ‘இரத்தம்’ என்ற பேச்சு நம் மேடையோடு நிற்பதில்லை. அதே சொல்லை வெளியே இருந்து வேறு குரலிலும் கேட்கிறோம். 1915 மே கடைசியில் கண்டியில் தொடங்கிய கலவரத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த கரையோர முஸ்லிம் வணிகரின் கடைகள் முதல் இலக்காயின. யுத்தகாலத்தில் சாமான் விலை ஏறியிருந்தது. விலையேற்றத்தின் முகம் தெரியாது, கல்லாவில் இருக்கிறவனின் முகம் தெரியும். அந்த வருடம் அநகாரிக தர்மபால எழுதிய கடிதத்தில், யூத வட்டிக்காரரின் வழியில் செழித்தவர்கள் என்று முஸ்லிம்களைக் குறித்தார். வணிகம் ஒரு தொழில் என்ற நிலை போய், ஓர் இனத்தின் குணம் என்று ஆகிவிட்டது. 2014 ஜூனில் அளுத்கமையிலும், 2018 மார்ச்சில் திகனையிலும் அக்குறணையிலும், 2019 மேயில் மினுவாங்கொடையிலும் எரிந்த கடைகளுக்கு முன்னால் நின்று பேசப்பட்டதும் அதே பேச்சுத்தான்: இவர்களுக்கு வியாபாரம் இரத்தத்தில், ஆகவே நம்மைச் சுரண்டுவதும் இரத்தத்தில். நாம் பெருமைக்கு நட்ட மரத்தின் காயைத்தான் அவர்கள் எறிகிறார்கள். எரிந்த கடைகளில் பாதி, அடைபட்ட கதவுக்கு முன்னால் நின்ற யாரோ ஒரு கூலிக்காரரின் மகனோ மகளோ கடன் சொல்லித் திறந்தது என்று அந்தத் தெருவில் அன்று யாருக்கும் சொல்லத் தோன்றியிருக்காது. நாமே சொல்லி வைக்கவில்லையே.

உள்ளுக்கும் அதனால் நட்டம் உண்டு. நான் படிப்பிக்கிற வகுப்பில் ஒவ்வொரு வருடமும் நாலைந்து கெட்டிக்காரப் பையன்கள் சாதாரண தரத்தோடு நின்றுவிடுகிறார்கள். வீட்டில் கஷ்டம் என்றால் நான் ஒன்றும் சொல்வதில்லை. என் தலையில் இடியப்பப் பெட்டி ஏற்றிய வீட்டிலிருந்து வந்தவள் நான். கஷ்டமில்லாத வீட்டுப் பிள்ளையும் “நமக்கு இதுதானே டீச்சர்” என்று போகும்போதுதான் மனம் கேட்பதில்லை. பல்கலைக்கழக வாசலில் இப்போது நம் பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளைவிட அதிகமாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த மாணவனுக்கு இவ்வளவையும் வகுப்பில் சொல்ல முடியுமா? நாற்பது நிமிடப் பாடம். அவனிடம் ஒரு வேலை சொன்னேன். “உங்கட குடும்பத்தில ஆர் முதல்ல கடை திறந்தது, ஏன் திறந்தது எண்டு கேட்டு எழுதிக் கொண்டா. மார்க்ஸ் திருத்திப் போடுறன்.”

இரண்டு கிழமை கழித்துக் கொண்டுவந்தான். மூன்று பக்கம். மாமாவின் கடை என்று அவன் சொன்னது, முன்னம் அவனுடைய உம்மாவின் வாப்பா தொடங்கிய தேத்தண்ணிக் கடை. அவர் முசலிப் பக்கத்தில் வயல் செய்தவர். 1990இல் வந்தபோது கடலில் தோணியில் இறங்கி வந்திருக்கிறார்கள். இரண்டு வருடம் கூலி வேலை, பிறகு ஒரு கேத்தலும் ஆறு கிளாசும். மரம் மூடிப்போன வயலைப் பார்க்க 2009க்குப் பிறகு மூன்று தடவை போய் வந்திருக்கிறார். போன தடவை வரம்பு எது, குளக்கட்டு எது என்று அடையாளம் பிடிக்க முடியவில்லையாம். கடைக்கு இப்போது வயது முப்பது சொச்சம். அதற்கு முன்னால் அந்தக் குடும்பத்தில் யாரும் ஒரு சாமானும் விற்றதில்லை, அறுவடை நெல்லைத் தவிர.

மூன்றாம் பக்கத்தின் கடைசியில் அவன் எழுதியிருந்தது எனக்குத் தெரியாத செய்தி. கடை மேசையின் லாச்சியில் சில்லறைத் தட்டைத் தூக்கினால் அடியில் ஒரு பொலித்தீன் பை இருக்கிறதாம். அதற்குள் அந்த வயல் காணியின் பெர்மிட். கடனுக்குத் தேத்தண்ணி குடித்தவர்களின் கொப்பி மேலே, அது கீழே. மாமாவுக்கே அது அங்கே இருப்பது தெரியாது. கிழவர் இவனைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் காட்டியிருக்கிறார்.

கட்டுரையைத் திருத்தி முடித்துத் தாளைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவன், போகாமல் நின்றான்.

“டீச்சர், அந்தப் பெர்மிட்டில ஏக்கர் எண்டு போட்டிருக்கு. நாலு ஏக்கர் எண்டா எவ்வளவு பெரிசு? நம்மட ஸ்கூல் கிரவுண்ட் அளவுக்கு வருமா?”